பாஸ்புக்கில் விழும் 177: வங்கிப் பிடித்தங்களும் வழக்குகளும்

முக்கூடலில் பீடி சுற்றும் என் அத்தை, சென்ற ஆண்டு ஒருநாள் காலையில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வரவான பக்கத்தை விரித்துக் காட்டினார். ஆயிரம் வரவு. அதற்குக் கீழே, அதே தேதியில், 177, 177, 177 என்று மூன்று பற்று வரிகள். இருப்பு 469 ரூபாய். “என்னய்யா இது, ஒரே நாளில் மூன்று தடவை யார் எடுத்தது?” என்று கேட்டார். அவர் ஏ.டி.எம். அட்டையைத் தொட்டு வருஷக்கணக்காகிறது.

177 என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 150 ரூபாய் அபராதம். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 27 ரூபாய். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு மாதம் ஒன்றுக்கு இவ்வளவு. மூன்று மாதப் பாக்கியைக் குறித்து வைத்திருந்து, பணம் வந்த அன்றே மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கணக்கு அவர் விரும்பித் தொடங்கியதல்ல. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்த பிறகு, கையில் கூலி கொடுத்துவந்த பீடிக் கம்பெனிகள் பல வங்கி வழியாகக் கொடுக்கத் தொடங்கின. அப்போது யாரோ படிவம் கொண்டுவந்தார்கள், இவர் கையெழுத்துப் போட்டார். அது ஜீரோ பேலன்ஸ் கணக்கா, சாதாரணச் சேமிப்புக் கணக்கா என்று இவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பிறகு கூலி வேறு கணக்குக்கு மாறியது. ஆனால் ஆதார் இணைப்பு பழைய கணக்கிலேயே நின்றுவிட்டதால் அரசுப் பணம் அங்கே போய் விழுந்தது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2023 செப்டம்பர் 15 அன்று உரிமைத்தொகை முதன்முதலாக வரவான அந்த வாரத்திலேயே, வங்கிகள் அதிலிருந்து சேவைக் கட்டணம் பிடிக்கின்றன என்று தமிழ்நாடு முழுவதும் புகார் கிளம்பியது. இந்தத் தொகையை எந்தக் கட்டணத்துக்கும் நேர் செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளைக் கண்டித்தார். முதல்வரின் உதவி எண் 1100-இல் புகார் சொல்லலாம் என்றும் அறிவித்தார்கள். ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் மேலப்பாளையத்திலும் பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் பெண்களுக்கு ஆயிரம் ரூபாய் என்பது பல நாள் சுற்றுக்கூலி. அதிலிருந்து 531 போவது சின்ன விஷயமாகாது.

இந்த வகைப் பிடித்தம் வெளிநாடுகளில் ஓவர்டிராஃப்ட் கட்டணமாக வருகிறது. ஓவர்டிராஃப்ட் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் மிகைப்பற்று என்று பெயர். கணக்கில் இருப்பதற்கு மேல் எடுப்பது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சாதாரண நடப்புக் கணக்கே மைனசுக்குப் போகும். போன ஒவ்வொரு தடவைக்கும் வங்கி கட்டணம் போடும். நம் ஊர்ச் சேமிப்புக் கணக்கு பொதுவாக அப்படி மைனசுக்குப் போவதில்லை. பணம் இல்லையென்றால் பரிமாற்றத்தை மறுத்துவிட்டு, மறுத்ததற்குக் கட்டணம் போடுவார்கள். ஆகவே அங்கே ஓவர்டிராஃப்ட் வழக்கு என்று நடப்பது, இங்கே மூன்று வேடத்தில் வருகிறது: குறைந்தபட்ச இருப்பு அபராதம், தவணை திரும்பியதற்கான அபராதம், கடைக்காரர்களின் ‘ஓடி’ (ஓவர்டிராஃப்ட்) கணக்கில் ஏறும் கட்டணங்கள்.

முதல் வேடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பல வங்கிகள் கேட்பது மாதச் சராசரி இருப்பு. அன்றன்றைக்கு நாள் முடிவில் உள்ள இருப்புகளைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். சராசரி ஆயிரம் வேண்டுமென்றால் தினமும் ஆயிரம் கிடக்க வேண்டும் என்பதில்லை. முப்பது நாள் மாதத்தில் ஒரே ஒரு நாள் முப்பதாயிரம் கிடந்து, மற்ற நாளெல்லாம் காலியாக இருந்தாலும் சராசரி சரியாகிவிடும். மாதச் சம்பளக்காரரின் வாழ்க்கைக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் அறுத்து வருஷத்தில் இரண்டு தடவை பணம் பார்க்கிறவருக்கு அறுவடை மாதத்தில் சராசரி எங்கோ நிற்கும், நாற்று நடும் மாதத்தில் தரையில் கிடக்கும். வாரக்கூலி வாங்கும் பீடிக்காரருக்கோ வந்த அன்றே அரிசிக்கும் தவணைக்கும் போய்விடும். இருக்கிறவர் தெரியாமலேயே தப்பிக்கிறார், இல்லாதவர் மாதாமாதம் மாட்டுகிறார் என்பதே இந்தக் கட்டணத்தின் அமைப்பு. இதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

சின்னச் சின்னத் தொகை சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கு ஸ்டேட் வங்கியின் கணக்கு சாட்சி. 2017 ஏப்ரலில் அபராதத்தை மீண்டும் கொண்டுவந்து, நவம்பருக்குள் அந்த எட்டு மாதத்தில் 1,771 கோடி ரூபாய் வசூலித்தது. அந்த ஆண்டின் ஜூலை - செப்டம்பர் காலாண்டில் அது ஈட்டிய லாபத்தைவிட இது அதிகம். கண்டனம் எழுந்து, 2020 மார்ச்சில் அபராதத்தையே எடுத்துவிட்டது. 2023-24 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் 11 பொதுத்துறை வங்கிகள் இந்த வகையில் 8,495 கோடி வசூலித்ததாக மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது. 2025 ஜூனில் கனரா வங்கி சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தைக் கைவிட்டது, ஜூலையில் இந்தியன் வங்கியும் பஞ்சாப் நேஷனல் வங்கியும் பேங்க் ஆஃப் பரோடாவும் சேர்ந்துகொண்டன. தனியார் வங்கிகளில் அபராதம் தொடர்கிறது.

இரண்டாவது வேடம், ஊரில் இன்னும் ‘ஈ.சி.எஸ். பவுன்ஸ்’ என்றே சொல்லப்படும் தவணைத் திரும்பல். பைக் கடன், செல்போன் கடன், குழுக் கடன் எதுவாக இருந்தாலும், குறித்த தேதியில் கணக்கில் பணம் இல்லையென்றால் பாஸ்புக்கில் அடிக்கடி காணும் எண் 295. அதாவது 250 ரூபாயும் அதற்கான வரி 45 ரூபாயும். கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்குத் தனி அபராதம் போடும். ஒரே தவணையை அது மறுபடி மறுபடி அனுப்பினால், ஒவ்வொரு தடவையும் நம் வங்கியில் இன்னொரு 295. இருநூறு ரூபாய் குறைந்ததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பிடித்தங்களை எதிர்த்து என்ன வாதாட முடியும்? “இது அநியாயத் தொகை” என்றுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். நீதிமன்றங்களில் மிக எளிதாகத் தோற்கும் வாதமும் அதுதான். உலகம் முழுவதும் இதையே காண்கிறோம்.

இங்கிலாந்தில் 2006 முதல் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் தனித்தனியாகச் சிறு வழக்கு மன்றங்களுக்குப் போனார்கள். ஒரு தடவை மைனசானால் சுமார் 39 பவுண்டு வரை கட்டணம். வங்கிகள் வழக்கை நடத்தாமலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவந்தன. பிறகு நியாய வணிக அலுவலகம் என்ற அரசு அமைப்பு எல்லோருக்குமாக ஒரே வழக்கைப் போட்டது. உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் அரசு அமைப்புக்கே வெற்றி. ஆனால் 2009 நவம்பர் 25 அன்று, தொடங்கி இரண்டு மாதமே ஆன பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தக் கட்டணம் வங்கிச் சேவைக்கான விலையின் ஒரு பகுதி, விலை நியாயமா என்று அளக்க அந்த விதிகள் இடம் கொடுக்கவில்லை என்றது. நீதிமன்றம் கைவிட்ட இடத்தை ஒழுங்குமுறை அமைப்பு வந்து நிரப்பப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. 2020 ஏப்ரலில்தான் ஒவ்வொரு தடவைக்குமான நிலைக் கட்டணம் அங்கே தடை செய்யப்பட்டு, ஓவர்டிராஃப்டுக்கு ஒரே ஆண்டு வட்டி விகிதம் மட்டும் என்றானது. வட்டி விகிதம் நாற்பது சதவீதத்தை ஒட்டி ஏறியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி மீதான வழக்கு வேறு விதம். கணக்கில் ஆயிரம் இருக்கிறது என்று வையுங்கள். காலையில் 50, பிறகு 60, பிறகு 70, மாலையில் 950 செலவு. வந்த வரிசையில் கழித்தால் கடைசி ஒன்றுதான் இருப்பை மீறும், ஒரு கட்டணம். வங்கி பெரிய தொகையை முதலில் கழித்தது. 950 போனதும் மிச்சம் 50. அடுத்து 70, 60, 50 மூன்றும் மீறல், மூன்று கட்டணம். 2010-இல் கலிபோர்னியா நீதிமன்றம் 20.3 கோடி டாலர் திருப்பித் தர உத்தரவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம், எந்த வரிசையில் கழிப்பது என்பது வங்கியின் உரிமை, அதில் மாநிலச் சட்டம் தலையிட முடியாது என்றது. ஆனால் வந்த வரிசையில் கழிப்போம் என்று வாடிக்கையாளரை நம்பவைத்தது தவறு என்ற பகுதியை நிற்கவிட்டது. அந்த ஒற்றைக் காலில் நின்றே 20.3 கோடி டாலர் உத்தரவு மறுபடி உயிர்பெற்றது. 2016-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வங்கியின் மனுவை ஏற்க மறுத்ததோடு வழக்கு முடிந்தது.

நம் நாட்டிலும் வழி அதேதான். வட்டி விகிதம் மிகுதி என்ற காரணத்துக்காக மட்டும் வங்கிக் கணக்கை நீதிமன்றம் மறுபடி திறந்து பார்க்க முடியாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு சொல்கிறது. கிரெடிட் கார்டில் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தபோது பலரும் மகிழ்ந்தார்கள். 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எவ்வளவு வாங்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் எல்லை, ஆணையத்தின் வேலை அல்ல என்பதே அதன் சாரம்.

ஆகவே தொகையில் முட்டிக்கொள்ளாமல் முறையில் பிடிக்க வேண்டும். சொன்னீர்களா, எப்போது சொன்னீர்கள், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் வங்கி பதில் சொல்லியே தீர வேண்டும். இதற்கு அடிப்படை, ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று வெளியிட்டு 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த சுற்றறிக்கை. குறைந்தபட்ச இருப்பு குறைந்தால் முதலில் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகே அபராதம். அபராதமும் எவ்வளவு குறைந்ததோ அந்தக் குறைவுக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைந்தவருக்கும் ஆயிரம் குறைந்தவருக்கும் ஒரே தொகை என்பது விதிக்கு ஒவ்வாது. அபராதத்தாலேயே சேமிப்புக் கணக்கு மைனசுக்குப் போகக் கூடாது. நீண்ட காலம் இயக்கமில்லாமல் கிடக்கும் கணக்கில் இந்த அபராதமே கூடாது என்று 2014 மே மாதமே சொல்லியாயிற்று.

மைனசுக்குப் போகக் கூடாது என்ற விதியைச் சில வங்கிகள் எப்படிக் கடக்கின்றன என்பதற்கு அத்தையின் பாஸ்புக்கே எடுத்துக்காட்டு. கணக்கை மைனசாகக் காட்டாமல் பாக்கியை உள்ளே குறித்து வைத்துக்கொண்டு, பணம் வந்ததும் எடுப்பது. எழுத்தில் விதி தப்பித்தது, ஆயிரம் ரூபாய் தப்பிக்கவில்லை.

மூன்றாவது வேடம் கடைக்காரர்களுடையது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் ஜவுளியோ பாத்திரமோ விற்கும் ஒருவருக்கு ஐந்து லட்சம் ஓடி வரம்பு இருக்கிறது என்று கொள்வோம். எடுத்த தொகைக்கு, எடுத்து வைத்திருந்த நாட்களுக்கு மட்டும் வட்டி. இரண்டு லட்சத்தைப் பத்து நாள் எடுத்தால் 12 சதவீதத்தில் சுமார் 658 ரூபாய். இதில் சிக்கல் இல்லை. சரக்கு இருப்புப் பட்டியல் தர ஒரு வாரம் தாமதம், வரம்பைத் தாண்டிய நாள், புதுப்பிக்கக் காலம் கடந்தது என்று ஏறும் அபராதங்களில்தான் தகராறு. அபராத வட்டியை அசலோடு சேர்த்து அதற்கு மேல் வட்டி போட முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2001-இலேயே சொன்னது. 2023 ஆகஸ்ட் 18-இல் ரிசர்வ் வங்கி இன்னும் தெளிவாக்கியது: தவறியதற்கு அபராத வட்டி என்று ஒன்று கூடாது, அபராதக் கட்டணம் மட்டுமே, அந்தக் கட்டணத்துக்கு மேல் வட்டி ஓடக் கூடாது. புதிய கடன்களுக்கு இது 2024 ஏப்ரல் 1 முதல், பழைய கடன்களுக்கு அதிகபட்சம் ஜூன் 30-க்குள். ஓடி வைத்திருக்கும் எவரும் அதற்குப் பிந்தைய ஸ்டேட்மெண்டை எடுத்து இந்த ஒரு விஷயத்தை வரிவரியாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் கடைக்காரர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் வாசலிலேயே ஒரு கேள்வி காத்திருக்கும்: நீங்கள் நுகர்வோரா? ஒரு பங்குத் தரகர் தன் ஓவர்டிராஃப்ட் கணக்கைப் பற்றிப் பஞ்சாப் நேஷனல் வங்கி மீது தொடுத்த வழக்கில், அவர் லாப நோக்கில் தொழிலுக்காகவே அந்த வசதியை எடுத்தார், ஆகவே நுகர்வோர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே எடுத்தவருக்கு விலக்கு உண்டு. வீரவநல்லூரில் ஒற்றைத் தறி வைத்திருப்பவரும் பத்தமடையில் பாய் நெய்கிறவரும் அந்த விலக்குக்குள் வரலாம். நாலு ஆள் வைத்து மொத்த வியாபாரம் செய்கிறவர் வாதாடித்தான் ஆக வேண்டும். இதை அறியாமல் ஆணையத்தில் ஆண்டுகளைச் செலவழித்துவிட்டு, கடைசியில் இது உங்களுக்கான இடமில்லை என்று கேட்பது பெரும் கொடுமை.

அவர்களுக்கு முதல் கதவு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், ஆம்புட்ஸ்மேன். 2021 நவம்பர் 12-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டம் கடைக்காரர், கூலிக்காரர் என்று பிரிக்கவில்லை. சேவைக் குறைபாடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீல் மூலம் புகார் தரவும் கூடாது, நாமே தர வேண்டும். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், முப்பது நாள் பொறுத்திருத்தல், பதில் வராவிட்டால் அல்லது வந்த பதில் சரியில்லையென்றால் தாமதிக்காமல் ரிசர்வ் வங்கிக்கு. இணையத்தில் போடலாம், தபாலிலும் அனுப்பலாம். சண்டிகரில் உள்ள மையம் வாங்கிப் பிரித்து அனுப்புகிறது. விவரம் கேட்க 14448 என்ற இலவச எண். 2021-ஆம் ஆண்டுத் திட்டப்படி, ஏற்பட்ட இழப்புக்கு 20 லட்சம் வரையும், அலைக்கழிப்புக்கும் மனவுளைச்சலுக்கும் தனியாக ஒரு லட்சம் வரையும் இழப்பீடு வழங்க முடிந்தது. ஒரு எச்சரிக்கை: அதே விஷயம் நீதிமன்றத்தில் இருந்தால் இவர்கள் எடுக்க மாட்டார்கள். எனவே வரிசை முக்கியம்.

சாதாரணச் சேமிப்புக் கணக்குக்காரருக்கு இரண்டாவது கதவாக நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் சட்டத்தில் வங்கிச் சேவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, திருநெல்வேலியிலேயே, வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான விஷயத்துக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

அத்தைக்காக நாங்கள் எழுதியது ஒரு பக்க மனு. தொகை அநியாயம் என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. இருப்பு குறைந்தது பற்றிய முன்னறிவிப்பு எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு, எந்த வழியில் அனுப்பப்பட்டது? ஒவ்வொரு மாதமும் சராசரி எவ்வளவு குறைந்தது, 150 என்பது அந்தக் குறைவில் எத்தனை சதவீதம்? இந்த இரண்டு கேள்வி, பிறகு கணக்கு எண், மூன்று பிடித்தங்களின் தேதி. இரண்டு நகல். கவுண்டரில் இருந்த இளைஞர் ஒன்றை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டு, “பார்த்துச் சொல்கிறோம், அம்மா” என்றார். அத்தை நகரவில்லை. இரண்டாவது நகலை நீட்டி, “இதில் சீல் போட்டுக் கொடுங்கள், தம்பி” என்றார். அவர் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, தேதியோடு வட்ட முத்திரை குத்திக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். முப்பது நாள் என்பது அந்த முத்திரையின் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். வாய்ப்பேச்சாகச் சொன்ன புகாருக்குத் தொடக்க நாளே கிடையாது.

இருபத்திரண்டாம் நாள் பதில் வந்தது. முதல் மாதக் குறைவுக்கு எஸ்.எம்.எஸ். போயிருக்கிறது, ஆனால் அது திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட மகனின் பழைய எண்ணுக்கு. மற்ற இரண்டு மாதங்களுக்கு எந்த அறிவிப்பையும் வங்கியால் காட்ட முடியவில்லை. இரண்டு 177 திரும்பி வந்தன. மூன்றாவது வரவில்லை. எண்ணை மாற்றிச் சொல்லாதது இவர் பக்கத்துத் தவறு என்று வங்கி சொன்னதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அன்றே எண்ணை மாற்றி, கணக்கை ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றக் கேட்டு இன்னொரு விண்ணப்பமும் கொடுத்தார்.

இந்த மாதம் அத்தையின் தெருவிலிருந்து ஒரு மதினி பாஸ்புக்கோடு வந்தார். ஒரே குழுக் கடன் தவணைக்கு இரண்டு மாதத்தில் ஆறு தடவை 295, மொத்தம் 1,770 ரூபாய். எந்தெந்தத் தேதியில் யார் எத்தனை முறை அனுப்பினார்கள் என்று வங்கிக்கும், ஏன் அனுப்பினீர்கள் என்று கடன் கம்பெனிக்கும் இரண்டு மனு எழுதியிருக்கிறோம். இரண்டிலும் முத்திரை வாங்கியாயிற்று. முப்பது நாள் ஆக இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.